ஞாயிற்றுக்கிழமைச் சேலை

வடிவு ஞாயிற்றுக்கிழமைகளில் அடர்நிறச் சேலைதான் கட்டுவாள். கருநீலம், இல்லாவிட்டால் அரக்கு. ஜூன் மாதத்தில் தார் உருகிச் செருப்பில் ஒட்டுகிற நாளிலும் அதே கருநீலம். "என்னட்டி, ஞாயித்துக்கிழமை யூனிஃபார்மா?" என்று எத்தனையோ தடவை கேலி செய்திருக்கிறேன். "அழுக்குத் தெரியாதுல்லாக்கா," என்று சிரிப்பாள்.

டெல்லி கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் எங்களுக்கு எதிரெதிர் வீடு. நான் எவாஞ்சலின், நாசரேத்துக்காரி, அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் அம்பாசமுத்திரத்துப் பக்கம். எனக்கு வாய் ஓயாது. அவளிடம் ஒரு வார்த்தை வாங்குவதற்குள் அடுப்பில் வைத்த பால் பொங்கிவிடும். இருந்தும் எப்படியோ ஒட்டிக்கொண்டோம். இரண்டு பேருக்கும் திருநெல்வேலித் தமிழ் காதில் விழ வேண்டியிருந்தது, வேறென்ன?

அவள் வீட்டுக்காரர் சிவஞானம் அண்ணாச்சி மத்திய அரசு அலுவலகத்தில் இருக்கிறார். அவரைக் கெட்டவர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். குடி கிடையாது, சீட்டு கிடையாது, பெண்டாட்டியைக் கை நீட்டி அடித்தது கிடையாது. அவர் அப்பா பிள்ளைகளை ஒரு கோயில் கொடைக்குக்கூடக் கூட்டிப் போனதில்லையாம். அந்த வருத்தம் அவருக்கு நெஞ்சிலேயே இருந்தது. அதனால் கல்யாணமான நாள்முதல் ஞாயிறு தவறாமல் குடும்பத்தோடு 'டவுனுக்கு'ப் போய்விடுவார். கன்னாட் பிளேஸ், ஜன்பத், இந்தியா கேட் எல்லாமே அவருக்கு டவுன்தான். காலையில் மலை மந்திரில் முருகனைக் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினால் இருட்டின பிறகுதான் வீடு. முதலில் பஸ்ஸில் போனார்கள், பிறகு மெட்ரோவில், அப்புறம் ஒரு சின்னக் கார் வந்தது. "வாரா வாரம் குடும்பத்தை வெளியே கூட்டிட்டுப் போறவன் இந்த பிளாக்குல நான் ஒருத்தன்தான் சிஸ்டர்," என்று என்னிடம் மார்தட்டுவார். என் வீட்டுக்காரர் பிராங்ளின் ஞாயிறானால் சர்ச் முடிந்ததும் சோபாவை விட்டு எழுந்திருக்க மாட்டார். எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கும்.

நானும் சில ஞாயிறு அவர்களோடு போயிருக்கிறேன். அண்ணாச்சியும் மகள் மதுமதியும் மகன் கதிரவனும் கோல்கப்பா, குல்ஃபி, ஜூஸ் என்று ஒன்றையும் விடமாட்டார்கள். வடிவு எல்லாருடைய பையையும் தட்டையும் பிடித்துக்கொண்டு நிற்பாள். ஒரு வாய் தின்ன மாட்டாள், ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்க மாட்டாள். "அவளுக்குத் தாகமே எடுக்காது. எங்க வீட்டு ஒட்டகம்," என்பார் அண்ணாச்சி. பிள்ளைகளும் அதையே இந்தியில் சொல்லிச் சேர்ந்துகொள்ளும். "மம்மி தோ ஊன்ட் ஹை!" வடிவும் சிரிப்பாள். நாக்கு அண்ணத்தில் ஒட்டியிருக்கும்போது எப்படிச் சிரித்தாளோ!

அந்த வீட்டில் இன்னொரு கேலியும் உண்டு. மதுமதி கைக்குழந்தையாக இருந்தபோது இந்தியா கேட் புல்வெளியில் அம்மாவின் புதுச் சேலையை நனைத்துவிட்டாளாம், அதுவும் அப்பாவின் ஆபீஸ்காரர்கள் எல்லாரும் இருக்கும்போது. கல்லூரிக்குப் போன பிறகும் அவளை விடவில்லை. "இந்தியா கேட்டையே முக்கினவ," என்பார் அண்ணாச்சி. "போதும் பப்பா, பஸ் கரோ," என்று அவள் முகம் சிவக்கும். வடிவு உடனே எழுந்து அடுக்களைக்குப் போய்விடுவாள்.

ஞாயிறு போய்விட்டு வந்தால் திங்களோ செவ்வாயோ வடிவுக்குக் குளிர்காய்ச்சல் வரும். மாதம் தவறினாலும் இது தவறாது. வெயில் என்பார் அண்ணாச்சி, குளிர்காலமானால் பனி என்பார். ஒரு தடவை நான் டியூட்டி முடிந்து வந்தபோது போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தாள். அடிவயிற்றைப் பிடித்திருந்த கையைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது.

"ஒண்ணுக்குப் போனா எரியுதா?"

"கொஞ்சம்."

"தண்ணி குடிச்சியா நேத்து?"

போர்வையை மூக்குவரை இழுத்துக்கொண்டாள். கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தேன். "இன்னைக்கு நீ வாயத் தொறக்காம நான் எந்திரிக்க மாட்டேன்," என்றேன். அப்போதுதான் சொன்னாள், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு.

டெல்லிக்கு வந்த முதல் வருஷம். மடியில் ஆறு மாதப் பிள்ளை மதுமதி. ஆபீஸ்காரர்கள் நாலைந்து குடும்பம் சேர்ந்து இந்தியா கேட் போயிருக்கிறார்கள். மத்தியானத்திலிருந்தே இவளுக்கு முட்டிக்கொண்டு வந்திருக்கிறது. புருஷனிடம் மெல்லச் சொன்னாளாம். அவர் விசாரித்துக்கொண்டு நெடுந்தூரம் கூட்டிப் போனார். அங்கே கக்கூஸ் கதவு பூட்டியிருந்தது, சாவிக்காரன் டீ குடிக்கப் போயிருந்தான். "வீட்டுலயே முடிச்சிட்டு வரக்கூடாதா? எல்லாரும் பாக்காங்க," என்று சிடுசிடுத்துவிட்டுத் திரும்பிக் கூட்டி வந்துவிட்டார். அவ்வளவுதான். பெரிய சண்டைகூட இல்லை. கொஞ்ச நேரத்தில் அவளால் முடியவில்லை.

"வெளிர்மஞ்சச் சேலக்கா. கல்யாணத்துக்கு எங்கம்ம எடுத்துக் குடுத்தது. எல்லாரும் கெளம்பலாம்னு எந்திரிச்சிட்டாக. நான் எப்பிடி எந்திரிக்க? பிள்ளயத் தூக்கி மடியில அமுக்கி வச்சிக்கிட்டு, இவ நனைச்சிட்டான்னு சொல்லிட்டேன். எல்லாரும் சிரிச்சாக."

சேலையின் நிறம் ஏன் என்று அப்போதுதான் புரிந்தது. அன்றிலிருந்து சனிக்கிழமை ராத்திரியோடு தண்ணீரை நிறுத்திவிடுவாளாம்.

"ஒரு வாரம் நான் வரலன்னு சொல்லேன்ட்டி!"

"அவுக சந்தோசமே அந்த ஒரு நாள்தானக்கா. வாரம் பூரா ஃபைலோட மாரடிக்காக. நான் வராட்டா போக மாட்டாக. பிள்ளைகளும் மொகத்தத் தொங்கப் போட்டுக்கிடும்."

"அப்ப அவர்ட்ட வெவரத்தச் சொல்லு."

"செத்தாலும் சொல்ல மாட்டேன். நீங்களும் சொல்லக்கூடாது."

நான் சொன்னேன். மறுநாளே லிஃப்ட் வாசலில் அண்ணாச்சியைப் பிடித்துக்கொண்டேன். சேலை விஷயத்தைத் தொடவில்லை, அது அவளுடைய மானம். தண்ணீரை மட்டும் சொன்னேன். "வெளிய போனா அவ தண்ணி குடிக்கிறதே இல்ல. பாத்ரூமுக்குப் பயந்துகிட்டு. கிட்னியப் பாதிச்சிரும் அண்ணாச்சி." இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். ஒரு நர்ஸ் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியுமா?

அவர் சங்கடப்பட்டுச் சிரித்தார். "அவளுக்குச் சின்ன வயசுலேர்ந்தே தாகம் எடுக்காது சிஸ்டர்." அன்று ராத்திரி சாப்பிடும்போது பிள்ளைகளை வைத்துக்கொண்டே கேட்டிருக்கிறார்: "ஏட்டி, டவுன்ல ஒண்ணுக்கு வந்தா சொல்ல வேண்டியதுதான? எதிர்த்த வீட்டுல போய்ச் சொல்லுத, எங்கிட்டச் சொன்னா என்ன?" பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்களாம். அடுத்த ஞாயிறு கன்னாட் பிளேஸ் கூட்டத்தின் நடுவே நின்று, "வருதா? போணுமா?" என்று கேட்டுக்கொண்டே வந்திருக்கிறார். கேலிக்கு இல்லை. அக்கறையாகத்தான் கேட்டார். அந்த அக்கறையைக் கொண்டுபோய் உடைப்பில் போட!

வடிவு என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள். கோலம் போடும்போது நான் கதவைத் திறந்தால் மாவுக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள். நானும் ரோஷக்காரிதான், போடி என்று இருந்தேன். ஆனால் ஞாயிறு காலையில் கருநீலச் சேலை லிஃப்டுக்குள் போவதைக் கதவு இடுக்கில் பார்ப்பேன். காய்ச்சல் வந்ததா, எப்போது வந்தது, ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. மருந்துக்கடையில் இடுப்புவலி மாத்திரை வாங்கி வாங்கி முழுங்கியிருக்கிறாள். அதுவும் பிறகுதான் தெரிந்தது.

ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கும். தீபாவளி முடிந்து ஊரெல்லாம் புகை மண்டிக் கிடந்த வாரம். லிஃப்டில் அவளும் நானும் மட்டும் மாட்டிக்கொண்டோம். முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் நான் கீழே பார்த்தேன். அவள் காலில் மெட்டி தெரியவில்லை. கழற்றிவிட்டாளோ என்று குனிந்தேன். கழற்றவில்லை. விரல் வீங்கி, மெட்டி சதைக்குள் புதைந்திருந்தது.

"ஐயோ, வடிவு!" என்று கையைப் பிடித்தேன். அவள் உதறவில்லை. "வாந்தியா வருதுக்கா. எதத் தின்னாலும் தங்க மாட்டேங்குது," என்று என் தோளில் சாய்ந்தாள். லிஃப்டை மேலே போகவிடவில்லை. அப்படியே கீழே இறக்கி ஆட்டோவில் ஏற்றினேன். ஆஸ்பத்திரியில் மெட்டியை வெட்டித்தான் எடுத்தார்கள்.

இரண்டு சிறுநீரகமும் சுருங்கிவிட்டன. கல், பழைய பழைய தொற்று, போதாக்குறைக்கு அந்த வலி மாத்திரை. எதனால் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். "இத்தனை வருஷம் ஏன் விட்டீர்கள்?" என்று அண்ணாச்சியிடம் இந்தியில் கேட்டார். அண்ணாச்சி என்னைப் பார்த்தார். அவருக்கு லிஃப்ட் வாசல் ஞாபகம் வந்திருக்க வேண்டும். வராண்டாவில் தூணைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். எனக்கு நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கத் தோன்றியது. அந்தக் கண்ணீரைப் பார்த்த பிறகு எதைக் கேட்பது?

வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். மதுமதியின் சிறுநீரகம் பொருந்தும் என்றார்கள். "எம் பிள்ள மேல கத்தி பட்டா நான் மருந்தே எடுக்க மாட்டேன்," என்று வடிவு ஒரே பிடியாக நின்றுவிட்டாள். பேசாதவள் பேசினால் அப்படித்தான், மாற்ற முடியாது. அண்ணாச்சிக்குச் சர்க்கரை என்பதால் அவருடையதை எடுக்க முடியாது.

டயாலிசிஸ்காரர்களுக்குத் தண்ணீர் அளவுதான். உடம்பை விட்டு வெளியே போக வழியில்லையே. ஒரு நாள் முழுவதற்கும் சேர்த்து இரண்டு டம்ளர். காப்பி, ரசம், மாத்திரைக்குக் குடிப்பது எல்லாம் அதற்குள் அடக்கம். கோடை வந்ததும் வடிவு ஐஸ்கட்டியை உதட்டில் தேய்த்துக்கொண்டு படுத்திருப்பாள். "இப்பதான்க்கா தாகம்னா என்னன்னு தெரியுது," என்றாள் ஒரு நாள். நான் பாத்திரம் கழுவுகிற சாக்கில் எழுந்து போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். தண்ணீர் விழுகிற சத்தம் அவளை இன்னும் வதைக்குமே என்று உடனே மூடினேன்.

போன ஜூனில் ஒரு ஞாயிறு சாயங்காலம் அண்ணாச்சி கதவைத் தட்டினார். "சிஸ்டர், நீங்களும் வாங்க. அவள ஒரு தடவ டவுனுக்குக் கூட்டிட்டுப் போகணும்." அவர் முகத்தில் ஒரு பரபரப்பு இருந்தது. வடிவும் மதுமதியும் வருகிறோம் என்றார்கள். கதிரவன் பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று தங்கிவிட்டான். வடிவு உள்ளே போய்ச் சேலை மாற்றி வந்தாள். வெளிர்மஞ்சள். பழைய சேலை, மடிப்பில் நூல் விட்டிருந்தது.

இந்தியா கேட் புல்வெளியில் ஜமுக்காளம் விரித்து உட்கார்ந்தோம். அண்ணாச்சி குளிர்ந்த தண்ணீர் பாட்டில் ஒன்று வாங்கி வந்தார். அவள் பக்கத்தில் மண்டியிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"வடிவு, அந்தா தெரியுது பாரு, அந்த மரத்துக்குப் பின்னால பாத்ரூம். சுத்தமா இருக்கு. நேத்தே நான் வந்து உள்ள போயி பாத்துட்டேன். அங்க உள்ள அம்மாகிட்ட சொல்லி வச்சிருக்கேன், நீ எப்ப போனாலும் தொறந்து விடுவாங்க. நீ யாருக்கும் பயப்பட வேண்டாம்."

வடிவு அந்த மரத்தைப் பார்த்தாள்.

"எனக்கு இப்ப எதுக்குங்க அது? அது நின்னுபோயி நாலு மாசமாச்சி."

அவருக்கு விளங்கவில்லை. என்னைப் பார்த்தார். டயாலிசிஸ்காரர்களுக்கு நாளாக ஆகச் சிறுநீரே வற்றிவிடும் என்பதை ஒருவரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை, அவளும் சொல்கிற ஆள் இல்லை. நான் தலையை மட்டும் ஆட்டினேன். புரிந்ததும் அவர் கை பாட்டிலை இறுகப் பிடித்துக்கொண்டது. என்ன பேசுவதென்று தெரியாமல், பாவி மனுஷன், பழைய கேலியையே எடுத்தார்.

"இங்கதான் மதி, நீ சின்னப் பிள்ளையில அம்மா சேலைய..."

"அவ இல்லங்க," என்றாள் வடிவு. "அன்னைக்குச் சேலைய நனைச்சது நான். கதவு பூட்டிக் கெடந்துச்சில்லா, அன்னைக்குத்தான். பச்சப் பிள்ள மேல பழியப் போட்டுட்டேன்."

பக்கத்தில் பலூன்காரன் கூவிக்கொண்டு போனான். அண்ணாச்சி தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மதுமதி, "மம்மி..." என்று அம்மாவின் பக்கத்தில் நகர்ந்து வந்தாள்.

வடிவு அவர் கையிலிருந்த பாட்டிலை வாங்கி மூடியைத் திருகினாள். விரலை நனைத்து உதட்டில் ஒரு தடவை தடவிக்கொண்டாள். பிறகு பாட்டிலை மகளிடம் நீட்டினாள்.

"குடிட்டி. வயிறு நெறயக் குடி. இன்னைக்குக் கதவு தொறந்துதான் கெடக்கு."