வாப்பா சக உம்மா

என்ட மகன்ட மகள் பாடம் எண்டு சொல்லுகளப் பிரிச்சி வாசிச்சிட்டு இருந்தாள். "வாப்பா சக உம்மா, வாப்பும்மா." சக எண்டா கூட்டல், அவள்ட வாப்பும்மா நான்தான், வாப்பாட உம்மா. எனக்குச் சிரிப்புத் தாங்கல்ல. எழுத்துத் தெரியாத எனக்குள்ள ரெண்டு சொல் இருந்திருக்கு பாருங்க.

சின்ன வயசுல கற்பிட்டியில என்ன என்ட வாப்பும்மாதான் வளத்தா. உம்மா காய்ச்சல்ல மௌத்து, வாப்பா கடல்ல. குர்ஆன் ஓதப்போற எடத்துல புள்ளையள், "ஒனக்குத்தான் உம்மா வாப்பா இல்லையே" எண்டுவாளுகள். அழுதுட்டு ஓடி வருவன். வாப்பும்மா கருவாட்டுக்கு உப்புப் போட்டுட்டு இருப்பா. சுறாவுக்கு நெறையப் போடணும், அது வேற கதை. கையெல்லாம் உப்பு, அதால முழங்கையாலதான் என்ட கண்ணத் துடைப்பா. "நான் என்னத்த மகள் சொல்ற" எண்டுவா. அவவுக்கும் எழுத்துத் தெரியாது.

பேத்திட்ட, "இன்னொருக்காப் பிரிங்க மகள்" எண்டன். பிரிச்சாள். வாப்பா, உம்மா ரெண்டு பேரும் வாப்பும்மாட உள்ளுக்குத்தான் இருந்திருக்காங்க. இத இப்ப ஆருக்கிட்டப் போய்ச் சொல்ற?