பக்கத்து வீட்டுப் போறணை

வெள்ளைக்காரர் கடற்படைத் துறைமுகத்தை விட்டுப் போன வருடம் அங்கே வேலை செய்த என் கணவருக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் ஒரே நாளில் வேலை போனது. என் கணவர் சாய்கதிரையில் படுத்தவர்தான், வாரக்கணக்கில் எழும்பவில்லை. நான் பிள்ளைகளைக் கட்டிக்கொண்டு அழுதேன். பக்கத்து வீட்டில் செங்கல் அடுக்கும் சத்தம் கேட்டது.

பக்கத்து வீட்டுக்காரரின் மனைவி கிண்ணியாவிலிருந்து கலியாணம் முடித்து வந்த முஸ்லிம் பெண், என்னைவிட இளையவள். ஓர்ஸ் ஹில்லில் ஓர் அதிகாரி வீட்டுக் குசினியில் வேலை செய்தபோதே கோதுமை மாவைப் புளிக்கவைத்துப் பாண் சுடப் பழகியிருந்தாள். துறைமுகம் கைமாறப் போகிறது என்ற கதை அடிபட்டதும் உடைந்த கட்டடங்களின் செங்கல்லை வாங்கி வேலியோரம் சேர்த்தாள். இப்போது அதில் பாண் சுடும் பெரிய அடுப்பாகப் போறணை கட்டினாள். விடியற்காலையில் அந்த வாசம் வேலி தாண்டி வரும். எனக்கு வயிறு எரியும்.

சில வருடங்களில் அந்தப் பெரிய புயல் வந்தது. மழை விட்டதும் எட்டிப் பார்த்தேன். போறணை இடிந்து கிடந்ததைக் கண்டதும் என் மனம் கொஞ்சம் குளிர்ந்தது. அவளோ உடையாத கற்களைத் தனியாகப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கோதுமை மாவைத் தகரங்களில் போட்டு, மூடியை மெழுகால் அடைத்து, முகட்டில் கட்டி வைத்திருந்தாளாம். அன்றே மூன்று கல் வைத்து ரொட்டி சுட்டு ஒழுங்கையில் இருந்த வீடுகள் முழுக்கக் கொடுத்தாள். என் கணவர் ஒன்றைப் பிய்த்துத் தின்றுவிட்டு, "மனுசி எண்டால் இப்பிடி இருக்கோணும்," என்றார். நான் என் ரொட்டியைப் பிள்ளைகளுக்குப் பிய்த்துக் கொடுத்துவிட்டேன்.

போறணையைத் திரும்பக் கட்டியதும் மாப் பிசைய வரமுடியுமா என்று என்னைக் கேட்டாள். வீட்டு நிலைமை அப்படி, போனேன். பிசைவதோடு விடாமல் சூடு பார்க்க, விறகு தள்ள, கடைக்காரரோடு பேச என்று எல்லாவற்றையும் பழக்கினாள். என் கணவருக்குச் சீனன்குடாவில் வேலை கிடைத்த பிறகும் நான் போவதை நிறுத்தவில்லை. என்னதான் செய்தாலும் ஊருக்கு அது அவளுடைய பாண்தான்.

ஒருநாள் அவளுடைய கணவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார், எழும்பவில்லை. கணவனை இழந்தவள் வீட்டுக்குள்ளேயே இருக்கவேண்டிய இத்தாக் காலம் அவளுக்குத் தொடங்கியது. என்னை உள்ளே கூப்பிட்டாள். கண்கள் வீங்கியிருந்தன.

"அக்கா, இத்தா முடியுமட்டும் போறணையை நீங்கள்தான் பாக்கோணும்."

"எனக்குத் தனிய ஏலுமே?"

"ஏலும். புயலடிச்ச வருசமே அவருக்கு நெஞ்சு நோ தொடங்கிட்டுது. அதுக்குத்தானே உங்களைப் பழக்கினனான்."

அவள் அழுதாள், நானும் அழுதேன். ஆனால் அழும்போதே மனம் குறுகுறுத்தது. என் கை எங்கே தேவைப்படும் என்பதைக்கூட எனக்கு முன்னால் அவள் யோசித்து வைத்திருக்கிறாள்.

அந்த மாதங்களில் ஒருநாளும் அடுப்பு அணையவில்லை. இத்தா முடிந்து வெளியே வந்த காலையில் சுடச்சுட ஒரு பாணைப் பிய்த்து வாயில் வைத்தாள். கடைக்காரர்கள் நிற்கும்போதே சொன்னாள்: "என்ட பாணை விட இது நல்லாயிருக்கு அக்கா."

உண்மையாகத்தான் சொன்னாள். முகத்தில் துளிப் புளிப்பில்லை. எனக்கு அப்படிச் சொல்ல வந்திருக்காது. அவளிடமிருந்த எத்தனையோ காரியங்களுக்குப் பொறாமைப்பட்டிருக்கிறேன். அன்று பட்டதுதான் பெரியது.