அக்கா ஏறிப் பார்த்து வாங்கிய ஏணி

எங்கள் அக்கா பொன்னேரி அருகே, பிறர் வயலில் நாற்று நட்டுப் பிழைத்த பெற்றோருக்கு மூத்த மகளாகப் பிறந்தார். பள்ளியை முடித்ததும் கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தார். பகல் முழுவதும் நின்றபடி வேலை. அந்தச் சம்பளத்தில்தான் தங்கையான நான் படித்தேன். கல்யாணத்துக்குப் பிறகு மாமாவும் அவருமாக வேப்பம்பட்டில் வீடு கட்டினார்கள். சொல்ல எவ்வளவோ இருக்க, நான் ஏணியைப் பற்றி எழுதப் போகிறேன். அக்காவை அறிந்தவர்கள் இப்போதே சிரித்திருப்பீர்கள்.

ஒருமுறை மாமா கட்டிலின்மேல் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு ஏறி மின்விசிறியைத் துடைத்தார். நாற்காலி சரிந்து மணிக்கட்டு முறிந்தது. மறுநாளே அக்கா என்னை அழைத்துக்கொண்டு திருவள்ளூர் கடைத்தெருவுக்குப் போனார்.

கடைக்காரர் சுவரில் சாய்த்து வைக்கும் நெடிய ஏணியைக் காட்டினார். "இதுல மாடிக்கே ஏறலாம்க்கா."

"ஊட்டுக்காரரு ஃபேன் தொடைக்க ஏறி கைய ஒடச்சிக்கினாருப்பா. இத ஊட்டுக்குள்ள எங்க சாய்க்கிறது?"

விரித்தால் தானாக நிற்கும் அலுமினிய ஏணிகள் வந்தன. அக்கா ஒவ்வொன்றின் ரப்பர் காலையும் அழுத்திப் பார்த்தார். அகலமான படியும், உச்சியில் பிடித்துக்கொள்ளக் கம்பியும் இருந்த ஒன்றில், புடவையைச் செருகிக்கொண்டு ஏறியே விட்டார்.

"எறங்குக்கா, பேஜாராப் பூடும்!" என்று பதறினார் கடைக்காரர்.

"இங்க ஏற பயந்தா ஊட்ல எப்டி நம்பி ஏறுறது?" என்று மேலே நின்று இப்படியும் அப்படியும் அசைந்து காட்டினார். ஏணி ஆடவில்லை. கடையே சிரித்தது.

அதன்பின் தெருவே அதை இரவல் கேட்டது. "ஏணி வந்தா நானும் வருவேன்" என்பார் அக்கா. ஏறியவர் இறங்கும்வரை கீழே பிடித்துக்கொண்டு நிற்பார். அதற்குள் அந்த வீட்டுக் கதை முழுவதையும் கேட்டுவிடுவார். இரண்டு கல்யாணங்கள் அப்படித்தான் பேசி முடிந்தன.

கடைசிப் பொங்கலின்போது நோயால் அவரால் எழ முடியவில்லை. இந்த வருடம் வீட்டுக்கு வெள்ளை அடிக்க வேண்டாம் என்றார் மாமா. போகியன்று பக்கத்து வீட்டார் எல்லாரும் பிரஷ்ஷோடு வந்து நின்றார்கள். வாசலில் கட்டிலில் படுத்தபடியே அக்கா அதட்டினார்: "இன்னா வேல செய்றீங்க? மேல அந்த மூல உட்டுப்போச்சு பாரு!" சிரித்துக்கொண்டே மறுபடி பூசினார்கள். மாலையில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கல்யாண ஊடு மாரி கீதுடி" என்றார்.

தை முடிவதற்குள் அக்கா எங்களை விட்டுப் பிரிந்தார். அந்தத் தெருவினரே மருத்துவமனையில் முறை வைத்து உடனிருந்தார்கள். கடைசிவரை தோள் கொடுத்தார்கள். அவர்களுக்கும், உடன் வேலை செய்த தோழிகளுக்கும், உறவினர்களுக்கும் எங்கள் நன்றி. முதலாண்டு நினைவுக்கு வந்திருக்கும் நீங்கள் அனைவரும் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும். சாப்பிடாமல் போனவர்களை அக்கா ஒருபோதும் மன்னித்ததில்லை.