சிவபாலன் ரத்தத்தில் காலிப் பெட்டிகள்

கிளிஞ்சல்மேட்டு அஞ்சுகத்துக்கு வாய் கொஞ்சம் நீளம். நேற்றைய மீனை இன்றைய மீன் என்று விற்கிறவளைப் பக்கத்தில் உட்கார விடமாட்டாள். புருசன் பஞ்சநாதன் எப்படிச் செத்தான் என்று கேட்டால், குடித்து ஈரல் வெந்து செத்தான் என்று நடுச்சந்தையில் சொல்வாள். காரைக்கால் சந்தையில் முப்பது வருசம் கூடை வைத்துத்தான் ஒரே மகன் சிவபாலனை ஆளாக்கினாள்.

அவன் ஃபைபர் படகில் போகிறவன். முப்பத்து மூன்று வயதில் இரண்டு கண்ணிலும் புரை விழுந்துவிட்டது. ஊரில் யாரும் ஆச்சரியப்படவில்லை. தண்ணீரில் பட்டு எகிறுகிற வெயிலும் உப்புக்காற்றும் சேர்ந்தால் கண் என்ன ஆகும் என்றார்கள். அஞ்சுகமும் அதையேதான் சொன்னாள்.

ஆபரேசனுக்கு முன்னால் உடம்பு முழுக்கப் பார்த்துவிடலாம் என்று ரத்தம் கொடுத்தார்கள். அங்கேதான் வினை. ஃபெரிட்டின் என்று ஒன்று ஐந்து மடங்கு இருந்தது. உடம்பில் இரும்பு மிஞ்சிவிட்டது, விட்டால் ஈரல் போய்விடும் என்றார் ரத்தம் பார்த்த மருத்துவர். குடிப்பழக்கம் உண்டா என்றும் கேட்டு வைத்தார்.

ஈரல் என்ற சொல் போதாதா அஞ்சுகத்துக்கு? வீட்டுக்கு வந்ததும் மகன் சட்டையைப் பிடித்து உலுக்கிவிட்டாள். தொட்டதே இல்லை என்று அவன் பெற்ற பிள்ளை மேல் சத்தியம் செய்தான். அவன் அப்பனும் இதே சத்தியத்தை இதே வாசலில் செய்தவன்தான், அதனால் அவள் நம்பவில்லை. அன்றிலிருந்து மகன் உள்ளே வரும்போதெல்லாம் வாயை மோந்து பார்த்தாள். மருமகள் காவ்யா முகம் சுளித்தாலும் விடவில்லை.

இரும்பைக் குறைக்க இரண்டு வாரத்துக்கு ஒரு பை ரத்தம் எடுத்தார்கள். ஐந்தாவது பைக்குப் பிறகு சிவபாலன் வலை இழுக்கும்போதே மயங்கி விழுந்தான். நல்லவேளை, படகுக்குள் விழுந்தான். கூடப் போகிறவர்கள் இனிமேல் இவனை ஏற்ற முடியாது என்று சொல்லிவிட்டார்கள். ஃபெரிட்டின் மட்டும் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை.

பிறகுதான் வேறு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். எழில்மதி என்ற டாக்டர் பழைய தாள்களைப் புரட்டிவிட்டு, வீட்டில் வேறு யாருக்காவது சின்ன வயதில் புரை விழுந்ததா என்று கேட்டார். அது கடல் வெயிலால் வந்தது என்று சிவபாலன் ஆரம்பித்தான். அஞ்சுகம் அவனை முந்திக்கொண்டாள்.

"எங்கப்பாருக்கு முப்பதுலயே விழுந்துச்சுங்க. எனக்கு முப்பத்தஞ்சுல. ரெண்டு கண்ணும் ஆபரேசன் பண்ணுனதுதான்."

"நீங்களும் கடலுக்குப் போவீங்களாம்மா?"

"பொம்பளைய எவன் படகுல ஏத்துறான்? நான் கரையில மீன் வித்தவ."

சொல்லி வாயை மூடிய பிறகுதான் அவளுக்கே உறைத்தது. கடலில் கால் வைக்காதவள் கண்ணில் கடல் வெயில் எப்படிப் பட்டிருக்கும்?

டாக்டர் இரும்பைத் தனியாக அளக்கச் சொன்னார். மரபணுப் பரிசோதனைக்கும் ரத்தம் அனுப்பினார். முடிவு வர ஒரு மாதம் ஆனது. அந்த மாதம் அஞ்சுகம் சந்தையில் யாரோடும் சண்டை போடவில்லை என்பதிலேயே ஊருக்கு விசயம் தெரிந்துவிட்டது.

முடிவு வந்த அன்று டாக்டர் நிதானமாகச் சொன்னார். ஃபெரிட்டின் என்பது இரும்பு இல்லை, இரும்பை அடைத்து வைக்கிற பெட்டி. உடம்பின் உயிரணுக்களுக்குள் அந்தப் பெட்டியைச் செய்யச் சொல்லி ஒரு சீட்டு இருக்கிறது, எம்ஆர்என்ஏ என்று பெயர். இரும்பு குறைந்தால் ஒரு புரதம் வந்து சீட்டின் தலைப்பில் உட்கார்ந்துகொள்ளும். அது உட்கார்ந்திருக்கிற வரைக்கும் சீட்டைப் படிக்க முடியாது, பெட்டி வேலை நிற்கும். இரும்பு வந்ததும் அது எழுந்துபோகும், வேலை தொடங்கும். இவர்கள் குடும்பத்துச் சீட்டில் அந்த உட்காருகிற இடத்திலேயே சின்னப் பிசகு. புரதத்தால் அங்கே ஒட்டி உட்கார முடியவில்லை. தடுக்க ஆளில்லாததால் இரும்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் பெட்டி உற்பத்தியாகிக்கொண்டே இருக்கிறது. அதுதான் கண்ணுக்குள்ளும் படிந்து புரையாகிறது.

அஞ்சுகம் அதைச் சந்தைக் கணக்கில் போட்டுப் பார்த்தாள்.

"ஐஸ்பெட்டி மலையாட்டம் கெடக்கு, உள்ள மீனு இல்ல. பெட்டிய எண்ணிப்புட்டு மீனு நெறஞ்சு கெடக்குன்னு எம்புள்ள ரத்தத்த உறிஞ்சிருக்கானுவ. அப்புடித்தானுங்களே?"

டாக்டர் சிரித்துவிட்டார். அதேதான் என்றார்.

"ஈரலு?"

"ஈரலுக்கு ஒண்ணும் இல்லம்மா. இனிமே ரத்தம் எடுக்க வேண்டாம். எடுத்ததுலதான் இப்ப இரும்பு கொறஞ்சு போச்சு, மாத்திரை தர்றேன். கண்ண ஆபரேசன் பண்ணிக்கலாம்."

பேரப்பிள்ளைக்கும் இது இறங்கியிருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு, கண்ணை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும் என்றார். கண் என்றால் சமாளிக்கலாம் என்று அஞ்சுகத்துக்குத் தெரியும். அவளே சமாளித்தவள்.

மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாதவள். பஸ்ஸுக்கு நிற்கும்போது வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"நீ குடிக்கலடா."

"அதத்தானம்மா ஆறு மாசமா சொல்றேன்."

"உங்கப்பனும் சொன்னான்."

கண் ஆபரேசன் முடிந்து, ரத்தமும் ஊறி, மூன்றாம் மாதம் சிவபாலனைப் படகில் ஏற்றிக்கொண்டார்கள். அன்றைக்கு அஞ்சுகம் சந்தைக்குப் போகவில்லை. வெயில் ஏறி வெகுநேரம் வரைக்கும் குறட்டை விட்டுத் தூங்கினாள். காவ்யா எழுப்பவில்லை.