ஊர் சுற்றிய துணிக்கு ஊசி காட்டிய விசாலி

செய்தி வந்தபோது நான் பாண்டி பஜாரில் ஒரு லேஸ் கடையில் நின்றுகொண்டிருந்தேன். விசாலி வாங்கி வரச் சொன்ன பச்சை நாடாவைக் கடைக்காரர் பரப்பிக் காட்டிக்கொண்டிருந்தார். நவராத்திரிக்கு இன்னும் சில வாரங்கள் இருந்தன. கைபேசியில் அவள் மகள் ஹரிணி. "மாமி, அம்மா போயிட்டா. கார்த்தால காப்பி குடிச்சுண்டே இருந்தா, அப்படியே சாஞ்சுட்டா." கடைக்காரர் "எத்தினி மீட்டர்மா?" என்று கேட்டார். பத்து என்று சொல்லி வாங்கிக்கொண்டுதான் கிளம்பினேன். யார் வீட்டுக்கும் வெறுங்கையோடு போகாதவள் அவள். அவள் வீட்டுக்கு நான் மட்டும் எப்படிப் போவது?

விசாலாட்சியை உங்களில் பலருக்கு மந்தைவெளிக் குடியிருப்பின் இரண்டாம் மாடி மாமியாகத் தெரியும். எனக்கு அதற்கு முன்பிருந்தே தெரியும். அண்ணா சாலையில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் அடுத்தடுத்த மேஜையில் உட்கார்ந்து தலை நரைத்தவர்கள் நாங்கள். ஓய்வு பெற்ற பிறகு ஒரே குடியிருப்பில் மேலும் கீழுமாக வாழ்ந்தோம். இதைப் படிப்பவர்கள் கைக்குட்டையை எடுத்து வைக்க வேண்டாம். அழ வேண்டியதை நான் அழுது முடித்துவிட்டேன். இது அவள் ஜெயித்த கதை.

முதலில் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். விசாலிக்குத் தைக்க வராது. இரங்கல் கூட்டத்தில் யாரோ அவளைக் "கைவேலையில் கரை கண்டவர்" என்று புகழ்ந்தார். அவள் கேட்டிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். என் பிறந்தநாளுக்கு அவள் தைத்துக் கொடுத்த முதல் பரிசு ஒரு மூக்குக்கண்ணாடி உறை. கண்ணாடி உள்ளே போயிற்று. வெளியே வரவில்லை. "என்னடி விசாலி, எடுக்கவே வரமாட்டேங்கறது?" என்றேன். "தொலையாதோல்லியோ? அதுக்குத்தானே உறை" என்று சொல்லிவிட்டுத் தன் கோப்பைத் திறந்து வேலை பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

ஆனாலும் அவள் நிறுத்தவில்லை. கிறிஸ்துமஸ் வந்தால் எங்கள் அலுவலகத்து ஸ்டெல்லாவின் மேஜைக்குச் சிவப்புத் துணியில் நட்சத்திரம். தீபாவளிக்கு லேகிய டப்பாவுக்கு ஒரு சுருக்குப் பை. பிள்ளையார் சதுர்த்திக்கு உள்ளங்கை அகலத்தில் பட்டுத் திண்டு. எல்லாம் மதிய உணவு நேரத்தில் நேர்த் தையலில் முடிகிற வேலைகள். நான் எதையும் ஒழுங்காகச் செய்யாவிட்டால் தூங்க முடியாத ஜாதி. ஒரு தையல் தப்பினால் மொத்தத்தையும் பிரிப்பேன். அவள் என் கையிலிருந்து துணியைப் பிடுங்கிக்கொள்வாள். "பிரிக்காதே கோமு. இதுக்கு யாரும் மார்க் போடப் போறதில்லை. முடிச்சைப் போடு, அடுத்ததை எடு."

இனி ரவிக்கைத் துணி விஷயத்துக்கு வருகிறேன். நம் வீடுகளில் கொலுவுக்கு வந்த பெண்களுக்கு வெற்றிலை பாக்கு, தேங்காயோடு ஒரு ரவிக்கைத் துணியையும் வைத்துக் கொடுப்போம். அந்தத் துணியை யாராவது தைத்து உடுத்திப் பார்த்திருக்கிறீர்களா? நிறம் எந்தப் புடவைக்கும் சேராது. அளவு யாருக்கும் போதாது. வாங்கியவள் பீரோவில் வைப்பாள். அடுத்த வருஷம் வேறொருத்திக்கு வைத்துக் கொடுப்பாள். இப்படியே அது மயிலாப்பூரிலிருந்து அடையாறு போய், அடையாறிலிருந்து மாம்பலம் போய், மடிப்புக்கூடக் கலையாமல் ஊர் சுற்றும். கொடுத்தவளுக்கே திரும்பப் போய்விடக் கூடாதே என்பது ஒன்றுதான் எல்லோருக்கும் உள்ள பயம். அதற்காகவே துணியின் உறைமேல் கொடுத்தவர் பெயரைச் சின்னதாக எழுதி வைக்கிற புத்திசாலிகளை எனக்குத் தெரியும். நானும் அவர்களில் ஒருத்தி.

ஹரிணிக்குத் தியாகராய நகரில் இடம் அமைந்தது. மாப்பிள்ளை தங்கமான பையன். அவன் அம்மா ராஜேஸ்வரி மாமி கறாரான மனுஷி. கல்யாணப் பேச்சுக்கு நாங்கள் அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது, சமையல், நாதஸ்வரம், பூ என்று எல்லாவற்றையும் பேசி முடித்துவிட்டு, "தாம்பூலப் பையைக் கடையில ஆர்டர் குடுத்துடுங்கோ. ரெண்டு பேர் பேரும் போட்டு, பளபளன்னு இருக்கணும். எங்காத்து மனுஷா எல்லாம் வருவா" என்றார்.

"பையை நானே தெச்சுடறேன் மாமி" என்றாள் விசாலி.

நான் அவள் காலை மிதித்தேன். பலன் இல்லை.

"நீங்களா? ஐந்நூறு பேருக்கா?"

"பீரோ நிறைய ரவிக்கைத் துணி கிடக்கு. ஊர்ல இருக்கற பீரோலயெல்லாம் கிடக்கு."

மாமியின் உதடு ஒரு பக்கமாகக் கோணிற்று. "உங்க இஷ்டம். பழந்துணியைக் குடுத்தான்னு நாளைக்கு யாரும் சொல்லிடப்படாது. அவ்வளவுதான்."

வெளியே வந்ததும் ஹரிணி ஆட்டோவில் ஏறாமல் நின்றாள். "அம்மா, பையைப் பார்த்து நாலு பேர் சிரிச்சா உனக்கு ஒரு நாள் கஷ்டம். நான் ஆயுசுக்கும் அந்தாத்துல அதைக் கேட்டுண்டு இருக்கணும்." குழந்தையின் கண் கலங்கியிருந்தது. விசாலி அவள் கையைப் பிடித்து ஆட்டோவில் ஏற்றினாள். வீட்டு வாசலில் இறங்கியதும், "சிரிக்க மாட்டா" என்றாள். எனக்குச் சொன்னாளா, தனக்கே சொல்லிக்கொண்டாளா, தெரியாது.

அன்று மாலையே மாடி மாடியாக ஏறினாள். கதவைத் திறந்தவர்களிடம் "பீரோவைத் திறங்கோ" என்றாள். உண்டு இல்லை என்று யோசிக்க இடம் கொடுக்கவில்லை. கிளிப்பச்சை, அரக்கு, வாடாமல்லி, வெங்காயச் சருகு என்று அவள் கூடத்துச் சோபா மறையும் அளவுக்குத் துணி சேர்ந்தது. நான் என் பங்கை உறையோடு கொண்டுபோய்க் கொடுத்தேன். உறைமேல் இருந்த பெயர்களைப் படித்துவிட்டு அவள் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதப் போவதில்லை.

பை என்ன பெரிய பை! துணியை இரண்டாக மடித்து இரண்டு பக்கமும் தைத்து, வாயை மடித்து நாடா கோத்தால் முடிந்தது. குடியிருப்பில் ஊசி பிடிக்கத் தெரிந்தவர்கள் எல்லாரும் வந்தார்கள். தெரியாதவர்களும் வந்தார்கள். நாடாவை ஊக்கில் மாட்டிக் கோத்துத் தள்ளுவது அவள் கணவர் நாகராஜன் சாருக்கு ஒதுக்கப்பட்ட வேலை. வாசலில் இஸ்திரி போடும் செல்வி, தைத்த பைகளைத் தேய்த்துக் கொடுக்க வந்தவள், விசாலியின் பை ஒன்றை விரித்துப் பார்த்தாள்.

"இன்னா மாமி இது, தையலு மாம்பலம் போயிட்டு மயிலாப்பூருக்கு வந்துகினு கீது?"

"வந்து சேர்ந்துடுத்தோல்லியோ? அது போதும். நீயும் ஒரு ஊசியை எடுத்துண்டு உக்காரு."

செல்வி சிரித்துக்கொண்டே உட்கார்ந்தாள்.

இரண்டாம் வாரம் ஒரு பெரிய இடி விழுந்தது. கோயிலிலிருந்து வந்த நாகராஜன் சார், கையிலிருந்த தேங்காயை விளையாட்டாக ஒரு பைக்குள் போடப் பார்த்தார். போகவில்லை. "விசாலி, இதுல எலுமிச்சம்பழம்தான் போகும்" என்றார். தைத்து முடித்த பைகளில் ஒரு மூட்டை அப்படி. துணியை மிச்சம் பிடிக்கிறேன் என்று ஒன்றை இரண்டாக வெட்டியது அவள்தான். தாம்பூலப் பையில் தேங்காய் போகாவிட்டால் அது என்ன தாம்பூலப் பை? எங்கள் எல்லோருக்கும் முகம் தொங்கிவிட்டது. நான் கத்தரிக்கோலை எடுத்தேன், பிரிக்கலாம் என்று. விசாலி தேங்காயை எடுத்து ஓரமாக வைத்தாள். "சின்னதெல்லாம் மஞ்சள் குங்குமத்துக்கு. பெரிய பைக்குள்ள சின்னப் பை. கடையில குடுப்பாளா இப்படி?" என்று சொல்லிவிட்டு, அடுத்த துணியை வெட்டாமல் முழுசாக மடித்தாள். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ளத் தோன்றிற்று. கட்டிக்கொள்ளவில்லை. இப்போது தோன்றுகிறது, கட்டிக்கொண்டிருக்கலாம்.

கல்யாணம் மயிலாப்பூரில் நடந்தது. முகூர்த்தம் ஆகி, சாப்பாட்டுப் பந்தி முடிந்து, விருந்தினர் கிளம்புகிற நேரம். வாசலில் பைகள் நிறைந்த கூடைகளோடு நானும் விசாலியும் நின்றோம். ராஜேஸ்வரி மாமி தம் மனிதர்கள் புடைசூழ வந்தார். கூடையிலிருந்து ஒரு பையை எடுத்தார். மயில்கழுத்து நிறம், ஓரத்தில் மஞ்சள் மாங்காய் வரிசை. திருப்பினார். மறுபடியும் திருப்பினார்.

"இது என் துணின்னா!"

பையை எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்தார்.

"மாங்காய் போட்டதுதான் வேணும்னு கடை கடையா ஏறி எங்காத்துக் கொலுவுக்கு வாங்கினேன். எங்க மாடியாத்து லலிதாவுக்கு வெச்சுக் குடுத்தேன். இங்கே எப்படி வந்தது?"

அந்த லலிதா இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தார். உடனே மண்டபத்து மின்விசிறியை ஆராய ஆரம்பித்தார். கொடுத்ததைக் கைமாற்றிவிடுவது நாம் எல்லோரும் செய்வதுதான். ஆனால் அது வெளியே தெரிந்து நான் அதுவரை பார்த்ததில்லை. அதுவும் சம்பந்தி வீட்டுத் துணி, சம்பந்தி கையிலேயே. மேடையில் மாலையோடு நின்ற ஹரிணி இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

விசாலி ஒரு அடி முன்னால் வந்தாள். குரலைக்கூடத் தாழ்த்தவில்லை.

"ஆமாம் மாமி. நீங்க பொண்ணு பார்க்க வரதுக்கு எத்தனையோ வருஷம் முன்னாடியே உங்காத்துத் துணி மாம்பலத்துலேந்து கிளம்பி எங்காத்துல வந்து உக்காந்துடுத்து. சம்பந்தம் அப்பவே முடிவாயிடுத்து. நீங்கதான் வழி கேட்டுண்டு நிதானமா வந்தேள்."

ராஜேஸ்வரி மாமி பையைப் பார்த்தார். விசாலியைப் பார்த்தார். பிறகு, லலிதா பக்கம் திரும்பி, "அடுத்த வருஷம் உனக்குத் துணி கிடையாதுடி, வெறும் வெத்தலை பாக்குதான்" என்று சொல்லிவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். அவ்வளவுதான், அணை உடைந்தது. "என் ரோஸ் கலர் எங்கே பாருங்கோ", "இந்தக் கட்டம் போட்டது எங்க அடையாறு மன்னி குடுத்தது", "ஐயோ, இது நான் உங்களுக்குக் குடுத்ததுன்னா!" என்று வந்தவர்கள் எல்லாரும் கூடைக்குள் கைவிட்டுத் தங்கள் துணியைத் தேட ஆரம்பித்தார்கள். ஆட்டோவில் ஏறியவர்கள் இறங்கி வந்தார்கள். மாப்பிள்ளையின் சித்தப்பாகூடத் தேடினார். எதற்கென்று அவருக்கே தெரியாது. லலிதா இரண்டு பை வாங்கிப் போனார். ராஜேஸ்வரி மாமி அந்த மாங்காய்ப் பையை யாருக்கும் கொடுக்காமல் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

ஹரிணி மேடையில் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். விசாலி என் கையைப் பிடித்து, "ஜெயிச்சுட்டோம்டி கோமு" என்றாள். பிடித்த கையை விடவே இல்லை. அந்தச் சிரிப்புக்கும் வாய்ச் சவடாலுக்கும் பின்னால் அவ்வளவு நாளும் அவள் எவ்வளவு பயந்துபோயிருந்தாள் என்று புரிந்தது. நாங்கள் இரண்டு பேரும் கூடைக்குப் பின்னால் உட்கார்ந்து கொஞ்சம் அழுதோம். சந்தோஷம்தான்.

மறுமாதம் ராஜேஸ்வரி மாமி ஒரு பெரிய மூட்டையோடு மந்தைவெளியில் வந்து இறங்கினார். "எங்காத்துப் பீரோவை ஒழிச்சுட்டேன். எனக்கும் ஒரு ஊசி குடுங்கோ" என்றார். அதன் பிறகு தீபாவளிப் பை, பொங்கலுக்குத் துணியில் கரும்பு, பேரக்குழந்தைக்குத் தூளித் தோரணம் என்று எதுவானாலும் இரண்டு சம்பந்திகளும் சேர்ந்துதான். சேர்ந்து என்றால் சண்டை போட்டுக்கொண்டு. பச்சைத் துணிக்கு மஞ்சள் நூலா சிவப்பு நூலா என்று ஒரு முழு மத்தியானம் அவர்கள் வழக்காடியதை நான் கேட்டிருக்கிறேன். "சம்பந்தி சண்டை நூலோட போறது பார், நாம குடுத்து வெச்சவா" என்று விசாலி என்னிடம் சொல்வாள்.

துக்கம் நடந்த வீடு என்பதால் இந்த நவராத்திரிக்கு மந்தைவெளியில் கொலு இல்லை. தியாகராய நகரில் ராஜேஸ்வரி மாமி வைத்தார். போகத் தயக்கமாக இருந்தது. போனேன். ஹரிணி குங்குமம் கொடுத்தாள். மாமி பையை நீட்டினார். விசாலி பாதியில் விட்டுப்போன பைகளை எடுத்து வந்து தாமே முடித்திருந்தார். "ஒரு பக்கம் அவ, ஒரு பக்கம் நான். எது யாருதுன்னு சொல்லுங்கோ பார்ப்போம்" என்றார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். இரண்டு பக்கமும் ஒரே கோணல். மாமி கொலுப்படியைப் பிடித்துக்கொண்டு விசும்பினார். உடனே கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவளைவிட என்னது கொஞ்சம் நேர்தான்" என்றார்.

இப்போதெல்லாம் தினமும் காலையில், விசாலி மாடியிலிருந்து என்னைக் கூப்பிடும் நேரத்தில், தியாகராய நகரிலிருந்து போன் வருகிறது. "கோமு மாமி, கிறிஸ்துமஸ் நட்சத்திரத்துக்கு வெள்ளை நூல்னு அவ எப்பவோ சொன்னாளாம், ஹரிணி சொல்றா. அது தப்பு. தங்கக் கலர்தான்" என்று சண்டை ஆரம்பமாகிறது. விடாமல் நானும் போடுகிறேன். விசாலி எனக்கு வைத்துக் கொடுத்துவிட்டுப் போனது இந்த ராஜேஸ்வரியை. இதை மட்டும் நான் யாருக்கும் கைமாற்றுவதாக இல்லை.