புத்தர் முன்னால் படுத்த சரிண்ணா

பஞ்சுவின் அப்பாவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. கல்யாணப் பத்திரிகையில் அச்சடித்ததோடு அது தூங்கப் போய்விட்டது. மெத்தைக்கடைத் தெருவில் 'சரிண்ணா' என்று கேட்டால்தான் அவரைக் காட்டுவார்கள். அண்ணன் எதைச் சொன்னாலும் அவர் வாயிலிருந்து வருகிற ஒரே பதில் அது.

நாலு பிள்ளைகளில் அவர் கடைக்குட்டி. நடுவில் இரண்டு அக்காக்கள். மூத்தவளை மரக்கடைக்காரருக்கும், இளையவளை அந்த மரக்கடைக்காரரின் ஒன்றுவிட்ட தம்பிக்கும் கொடுத்திருந்தது. அந்த அக்காக்கள்கூட அண்ணனோடு முறைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் பேசாமல் இருந்ததுண்டு. இவருக்கு முறைக்கவே வராது. பெண் பார்க்கப் போன இடத்தில், "பொண்ணு பிடிச்சிருக்கா மாப்பிள்ளை?" என்று கேட்டதற்குத் திரும்பி அண்ணன் முகத்தைப் பார்த்தாராம். அந்தத் தலை அசைந்த பிறகுதான் இந்தத் தலை அசைந்ததாம். பஞ்சுவின் அம்மா இதைச் சொல்லும்போதெல்லாம் கையிலிருக்கும் பாத்திரம் கொஞ்சம் சத்தமாகவே கீழே இறங்கும்.

கடையின் முன்பக்கம், மின்விசிறிக்கு அடியில், சுழல் நாற்காலியில் பெரியப்பா. பின்பக்கம், பஞ்சு பறக்கக் கூடாதென்று ஜன்னலைச் சாத்திய அறையில் அப்பா. பஞ்சை அடித்து உதறி, உறைக்குள் திணித்து, மூலை மூலையாகக் கைவிட்டுச் சமன் செய்து, நீள ஊசியால் மேலும் கீழும் குத்தித் தைப்பது அவர் பாடு. வாங்க வந்தவர்கள் மெத்தையை அமுக்கிப் பார்த்தால், "எல்லாம் நம்ம கைவேலைங்க" என்பார் பெரியப்பா. அந்தக் கை ஊசியைத் தொட்டு யாரும் பார்த்ததில்லை. அப்பாவின் புருவத்தில் எப்போதும் ஒரு பஞ்சுத் துணுக்கு ஒட்டியிருக்கும். அதை ஊதிவிடுவது சின்ன வயதில் மகளுக்கு விளையாட்டு. அவளுக்குப் 'பஞ்சு' என்ற பட்டப்பெயர் வந்ததும் அதனால்தான்.

அவளுக்கு ஒன்பது வயதானபோது பெரியப்பாவுக்குப் புத்தர் மேல் பக்தி வந்தது. மரக்கடைக் காலண்டரில் படுத்திருக்கும் புத்தர் படத்தைப் பார்த்து வந்த பக்தி.

"பாருடா, என்ன சுகமா படுத்திருக்காரு! இவருக்கு முன்னால நம்ம ஆளு ஒருத்தர் இதே மாதிரி படுத்து, அதை போட்டோ எடுத்து போர்டுல போட்டோம்னு வை. ஊரே நம்மகிட்டதான் மெத்தை வாங்கும்."

"சரிண்ணா."

அந்த நேரம் பார்த்து, பெரியப்பா கடையில் சேர்த்து விற்ற நுரை மெத்தையின் கம்பெனி, நிறைய விற்ற கடைக்காரர்களைக் குடும்பத்தோடு புத்தர் கோயில்கள் நிறைந்த ஒரு நாட்டுக்கு ஓசியில் அனுப்பியது. ஓசி என்றால் பெரியப்பா எமலோகத்துக்கே பெட்டி கட்டுவார். பெட்டி தூக்க ஆள் வேண்டுமே, அதற்கு அப்பா. அப்பாவை மட்டும் கூட்டிப் போனால் நாலு பேர் பேசுவார்களே, அதற்குப் பஞ்சுவும் அம்மாவும்.

விமானத்தில் பஞ்சுவுக்கு ஜன்னலோர இருக்கை கிடைத்தது. பெரியப்பா மகன் அதைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.

"டேய், அவளைக் கொஞ்சம் இந்தப் பக்கம் உக்கார வையேன்."

"சரிண்ணா." அப்பா அவளைத் தூக்கி நடு இருக்கையில் வைத்தார். வந்து உட்கார்ந்தவன் ஜன்னல் மூடியை இழுத்துவிட்டுத் தூங்கிப்போனான்.

"அப்பா ஏம்மா முடியாதுன்னே சொல்ல மாட்டேங்கிறாரு?"

"அந்த வார்த்தை அவர் வாயில இன்னும் முளைக்கலடி."

ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அப்பா 'முடியாது' என்று சொல்லிக் கேட்டுவிட வேண்டும் என்று அப்போதிலிருந்து பஞ்சு காத்திருந்தாள். வேறு எதைப் பார்ப்பதிலும் அவளுக்கு மனம் போகவில்லை.

போய் இறங்கிய ஊரில் எல்லோரும் மெதுவாகப் பேசினார்கள். அவர்களுக்குக் காது மந்தம் என்று முடிவுகட்டிய பெரியப்பா இன்னும் உரக்கப் பேசினார். கூட வந்த வழிகாட்டி அக்காவுக்கு நம் பேச்சு தெரியும். கோயில் வாசலிலேயே அவள் சொன்னாள்: "செருப்பைக் கழட்டிடுங்க. சத்தம் வேணாம். சிலைக்கு முதுகு காட்டி போட்டோ எடுக்கக் கூடாதுங்க, இங்க அது பெரிய அவமரியாதை." பெரியப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

உள்ளே, பஞ்சுவின் பள்ளிக்கூடத்தையே படுக்கப் போட்ட நீளத்துக்குப் புத்தர் படுத்திருந்தார். ஒரு கை கன்னத்துக்கு அடியில். பாதம் மட்டுமே அவளைவிட உயரம். அண்ணாந்து முகத்தைப் பார்த்தாள். யார் வந்து 'எழுந்திரு, இடத்தை விடு' என்றாலும் இவர் எழுந்திருக்க மாட்டார் போலிருந்தது.

"தலகாணி கொஞ்சம் ஒசரம். கழுத்து பிடிச்சுக்கும்," என்றார் பெரியப்பா.

வழிகாட்டி அக்கா ஆட்களை எண்ண வெளியே போன சமயம், அவர் செல்போனை எடுத்தார். "பஞ்சு, அவரை மாதிரியே இப்படிப் படு."

"மாட்டேன் பெரியப்பா. கூடாதுன்னு அந்த அக்கா சொன்னாங்கல்ல?"

"டேய், உன் பொண்ணுகிட்ட சொல்லுடா."

பஞ்சு அப்பாவைப் பார்த்தாள். அவர் வாய் திறந்தது. அந்த வார்த்தைதான் வரப்போகிறது என்று நினைத்தாள்.

"படுத்துடு கண்ணு. ஒரு நிமிஷந்தானே."

அவள் தூணைக் கட்டிக்கொண்டாள். அம்மா வந்து அவள் முன்னால் நின்றாள். பெரியப்பாவுக்கு எரிச்சல். "சரி, அதுங்க கிடக்குது. நீ படுடா."

"சரிண்ணா."

கைப்பையை ஓரமாக வைத்தார். மெத்தை தைக்கும் பழக்கத்தில் தரையை உள்ளங்கையால் தடவிச் சமன் செய்தார். சிலைக்கு முதுகைக் காட்டிப் படுத்து, கையைக் கன்னத்துக்குக் கொடுத்தார். கும்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள். பூ வைக்க வந்த ஒரு கிழவி கண்ணை மூடிக்கொண்டாள். அந்த நாட்டிலும் அப்பாவின் புருவத்தில் துணுக்கு ஒட்டியிருந்தது.

காவலாளி ஓடி வந்தான். பெரியப்பாவின் செல்போன் பைக்குள் போனது. அவர் பக்கத்துத் தூணில் தொங்கிய அறிவிப்புப் பலகையை ஊன்றிப் படிக்கத் தொடங்கினார். அதில் ஓர் எழுத்துகூட அவருக்குத் தெரியாது.

அப்பாவைப் பக்கத்து அறைக்குக் கூட்டிப் போனார்கள். சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு பஞ்சுவும் போனாள். மேசைக்குப் பின்னாலிருந்த அதிகாரி கேட்டதை, ஓடி வந்த வழிகாட்டி அக்கா எடுத்துச் சொன்னாள்: "உங்களை யாராவது படுக்கச் சொன்னாங்களான்னு கேக்கறார். அப்படின்னா அவங்க வந்து மன்னிப்பு கேட்டா போதுமாம். நீங்க போலாம்."

"பெரியப்பாதான்…" என்று பஞ்சு தொடங்கினாள்.

"இல்ல," என்றார் அப்பா.

பஞ்சு நிமிர்ந்து பார்த்தாள்.

"இல்லவே இல்லைங்க. அண்ணன் ஒண்ணும் சொல்லல. நானாத்தான் படுத்தேன். இவ சின்னப் பொண்ணு, இவளுக்கு ஒண்ணும் தெரியாது."

பிறந்ததிலிருந்து வராத மறுப்பு அன்று கடகடவென்று வந்தது. வந்தும் அண்ணனுக்குத்தான் குடை பிடித்தது.

அத்தனை பேர் முன்னால் மண்டியிட்டு, நெற்றி தரையில் படக் கும்பிட்டார். அதில் அவருக்குச் சிரமமில்லை. மெத்தை தைக்கத் தினமும் மண்டியிடுகிற முட்டிதானே.

வண்டியில் ஏறியதும் பெரியப்பா தொண்டையைச் செருமினார். "ஏன்டா, கோயில்ல எப்படி நடந்துக்கணும்னுகூடவா தெரியாது? மானத்த வாங்கிட்டியே! இனிமே இப்படிப் பண்ணாத."

"சரிண்ணா."

அம்மா யாரையும் பார்க்காமல் சொன்னாள்: "குட்டக் குட்டக் குனியறவங்கள பாத்திருக்கேன். அடுத்தவன் குட்டையும் கேட்டு வாங்கிக்கிறவர இன்னைக்குத்தான் பாக்கறேன்."

அப்பா சிரித்தார். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டாரோ என்னவோ.

திரும்பி வரும் விமானத்திலும் ஜன்னலோரம் பஞ்சுவுக்கே விழுந்தது. பெரியப்பா மகன் நின்றுகொண்டு உதட்டைப் பிதுக்கினான்.

"பாப்பா, எழுந்திரு. அண்ணன் உக்காரட்டும்," என்றார் பெரியப்பா.

"முடியாது பெரியப்பா."

பெரியப்பா தம்பியைப் பார்த்தார். தம்பி மகள் பக்கம் குனிந்தார். "கண்ணு, பெரியப்பா சொல்றாங்கல்ல…"

"நீங்க பேசாதீங்கப்பா."

ஊதினால் பறந்துவிடும் தூரத்தில் அவர் புருவமும் அதில் ஒட்டிய துணுக்கும் இருந்தன. பஞ்சு ஊதவில்லை. உள்ளங்கையைக் கன்னத்துக்கு அடியில் கொடுத்து, ஜன்னல் பக்கமாகத் திரும்பிச் சாய்ந்துகொண்டாள்.