என் தட்டிலிருந்து ஒரு வாய்

பள்ளிக்கூடத்திலிருந்து வந்த கடிதத்தை வாசித்ததும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பத்து வயது மகளின் எடை அவள் உயரத்துக்கு மிக அதிகமாம். "வளருற பிள்ளையை நிறுக்க இவை ஆர்?" என்று ரெய்னர்ஸ் லேன் வீடே அதிரக் கத்தினேன். உண்மையில் பயந்துதான் கத்தினேன். எனக்கு முப்பத்தெட்டில் சலரோகம் வந்தது. தினமும் விரலில் ஊசி குத்தி இரத்தத்தில் சீனி பார்க்கிறவன் நான். அந்த ஊசி அவள் விரலுக்கும் வந்துவிடுமோ என்ற பயம்.

கிளினிக்கில் தாதி, ஒரு கிழமைக்கு, ஏழு நாளும், அவள் சாப்பிடுவதையெல்லாம் எழுதி வரச் சொன்னார். மனைவி எழுதினாள். மாலை ஐந்து மணிக்கு ஒரு அகப்பை சோறு, இரண்டு மரக்கறி. சோடா இல்லை. சொக்லேட் சனிக்கிழமை மட்டும்.

"நான் அளந்துதான் போடுறன். ஏன் கூடுது எண்டு விளங்கேல்லை," என்று அழுதாள்.

அந்தத் தாளைத் தூக்கிக்கொண்டு சண்டைக்குப் போகிறவன் மாதிரித்தான் மகளோடு போனேன். தாதி வாசித்துவிட்டு, "இதற்குப் பிறகு ஒன்றுமே சாப்பிடுவதில்லையா?" என்று மகளைக் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஹவுன்ஸ்லோ பக்கம் ஷிப்ட் வேலை முடிந்து தினமும் ஏழு மணிக்கு வீட்டுக்கு வருவேன். சோறு கறி குழைத்து, என் தட்டிலிருந்து அவளுக்கு உருட்டிக் கொடுப்பேன். நாள் முழுக்க அவளைக் காணாத எனக்கு அந்த ஒரு சந்தோசம்தான்.

"ஏழு மணிக்கு நான் ஊட்டுவேன். அது சாப்பாடில்லை. என் கையால் ஒரு வாய், அவ்வளவுதான்," என்றேன் தாதியிடம்.

"எத்தனை வாய்?" என்று கேட்டார்.

கையால் ஊட்டுவதை எங்கள் வீட்டில் யார் எண்ணினார்கள்? மனைவிகூட அதை எழுதவில்லை.

"பத்து. சில நாள் பன்னிரண்டு," என்றாள் மகள். அது இன்னொரு முழுச் சாப்பாடு.

அன்று மாலையும் கை தன்பாட்டில் ஒரு உருண்டை பிடித்துவிட்டது. மகள் வழக்கம்போல் பக்கத்தில் வந்து நின்றாள். வாயைத் திறக்கவில்லை.

"அப்பா, எனக்குப் பசிக்கேல்லை. முந்தியும் பசிக்கிறேல்லை."

"பிறகேன் சாப்பிட்டனி?"

"வேண்டாமெண்டா நீங்கள் கத்துவியளெண்டு பயம்."

எனக்கு வெட்கமாகிவிட்டது. உருண்டையைத் தட்டில் வைத்தேன். "கோவமில்லை பிள்ளை. சப்பாத்தைப் போடு, ரெண்டு பேரும் நடந்திட்டு வருவம்."

"ஓம்," என்றாள். சப்பாத்து எடுக்கப் போகுமுன் ஒருமுறை திரும்பி, என் முகத்தை நன்றாகப் பார்த்துக்கொண்டாள்.